வெள்ள வரைபடத்தைத் திருத்துவதில் ஊர் மக்களின் பங்கு: ராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

எவ்வளவு மழை பெய்தால், அல்லது கடல் எவ்வளவு ஏறினால், எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கும் என்பதைக் காட்டும் படமே வெள்ள வரைபடம். இதில் இரண்டு வகை உண்டு. வந்துபோன ஒரு வெள்ளம் எதுவரை பரவியது என்பதைப் பதிவு செய்வது ஒரு வகை. இனி வரக்கூடிய வெள்ளம் எதுவரை பரவும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது மற்றொரு வகை. எந்தப் பள்ளிக்கூடத்தை நிவாரண முகாமாக வைப்பது, எந்தச் சாலை முதலில் துண்டிக்கப்படும், எந்த மனைப்பிரிவுக்கு அனுமதி தரலாம் என்ற முடிவுகளுக்கெல்லாம் இரண்டாவது வகையே அடிப்படையாகிறது. ஆனால் அது ஒரு மதிப்பீடு மட்டுமே என்பதைப் படத்தின் அழுத்தமான நிறங்கள் மறைத்துவிடுகின்றன.

அந்தப் படங்களில் அடிக்கடி வரும் ஒரு சொற்றொடரை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 'நூறாண்டு வெள்ளம்' என்றால், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறு ஆண்டுகளுக்கு வராது என்று பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டாலும் அந்த அளவு வெள்ளம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள். ஆண்டுதோறும் இருக்கும் இந்தச் சிறிய வாய்ப்பு சேர்ந்துகொண்டே போகும். வீட்டுக் கடன் வாங்கி 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர், அந்தக் காலத்துக்குள் அத்தகைய வெள்ளத்தை ஒரு முறையாவது சந்திக்க ஏறத்தாழ 26 விழுக்காடு வாய்ப்பு உண்டு. நான்கில் ஒரு பங்கு என்பதை யாரும் அலட்சியமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வரைபடத்தைக் கணக்கிட மூன்று தகவல்கள் வேண்டும். நிலம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பது ஒன்று. தண்ணீர் எங்கிருந்து, எவ்வளவு வரும் என்பது இரண்டாவது. வந்த தண்ணீரை எது தடுக்கிறது, எது வடிய விடுகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றிலும் ஊர் மக்களுக்குத் தெரிந்தவை, தொலைவிலிருந்து கணக்குப் போடுபவர்களுக்குத் தெரிவதில்லை. அதே நேரத்தில், ஊர் மக்களுக்குத் தெரிந்தது தெரிந்தபடியே கணக்குக்குள் நுழைந்துவிடவும் முடியாது. 'இடுப்பளவு தண்ணீர் வந்தது' என்ற பேச்சு ஒரு வரைபடத்துக்குப் பயன்படும் அளவாக மாறுவது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

நம் கரைக்கு வெள்ளம் வரும் வழிகள்

ராமநாதபுரம் வறட்சிக்குப் பெயர் பெற்ற மாவட்டம். ஆண்டின் சராசரி மழை 80 செ.மீ.யை ஒட்டியே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் மட்டும் 40 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழையில் பாதி ஒரே நாளில் இறங்கியது என்று சொல்லலாம். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கனமழை. ஆனால் மாவட்டத்தின் உட்பகுதிகளில் அந்த அளவுக்கு இல்லை. ஆண்டுச் சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இங்கே வெள்ளமே வராது என்று தோன்றும். வெள்ள வரைபடம் சராசரியை வைத்துப் போடப்படுவதில்லை, இத்தகைய நாள்களை வைத்தே போடப்படுகிறது.

உள்ளூரில் மழையே இல்லாமலும் வெள்ளம் வரும். இந்த மாவட்டத்தின் கண்மாய்கள் தனித்தனி ஏரிகள் அல்ல. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாக வந்து சேரும். வைகைத் தண்ணீர் பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிறைத்து, மிஞ்சியது அழகன்குளம், ஆற்றங்கரை பக்கம் கடலில் கலக்கிறது. குண்டாறு கமுதி, முதுகுளத்தூர் பகுதிகளைக் கடந்து மூக்கையூர் அருகே தென்கடலை, அதாவது மன்னார் வளைகுடாவை, அடைகிறது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லப்படும் ராஜசிங்கமங்கலம் கண்மாயின் உபரி நீரும் கடைசியில் கடலைத்தான் தேடிப் போகிறது. ஆக, தொலைவில் பெய்த மழையின் தண்ணீர் சில நாள் கழித்துக் கடலோர ஊரின் வாசலுக்கு வரக்கூடும். மேலே ஒரு கரை உடைந்தால் கீழே உள்ள கரைகளும் அடுத்தடுத்து உடையும் அபாயம் உண்டு.

மூன்றாவது வழி கடல். தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் எல்லாம் பாக் விரிகுடாவைப் பார்த்த ஊர்கள். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் ஆகியவை மன்னார் வளைகுடாவைப் பார்த்தவை. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். ஆழம் குறைந்த நீரின் மேல் பலமான காற்று ஒரே திசையில் நெடுநேரம் வீசினால், தண்ணீர் காற்றுப் போகும் பக்கத்துக் கரையில் குவியும். இந்தக் குவிப்பு ஆழ்கடலில் மிகக் குறைவு, ஆழமற்ற கடலில் அதிகம். வாடைக்காற்று பலத்து வீசும் நாள்களில், பாக் விரிகுடாவான வடகடல் ஓரத்து ஊர்களில் கடல் ஏறி நிற்பதற்கு இதுவே காரணம். தென்கடல் பக்கம் வேறு விதம். அங்கே உள்ளூரில் காற்று இல்லாத நாளில்கூட, பல்லாயிரம் கி.மீ. தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எழுந்த அலைகள் வந்து கரையேறுவது உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கென்று தனியாகவே எச்சரிக்கை விடுக்கிறது.

இம்மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் நிலைமை கைமீறுகிறது. இங்கே ஓதத்தின், அதாவது கடல் அன்றாடம் ஏறி இறங்குவதன், ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் கடலோர நிலமும் கடல்மட்டத்திலிருந்து அதிகம் உயர்ந்ததில்லை. கண்மாயின் உபரி நீர் முகத்துவாரத்தை அடையும் நேரமும், அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஓதமும், வாடைக்காற்றும் ஒன்றுகூடினால், வடிய வேண்டிய தண்ணீர் வடியாமல் ஊருக்குள் தேங்கும். 2020 டிசம்பரில் புரெவி புயல் வலுவிழந்து, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக ராமநாதபுரம் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்தபோது, காற்றைவிட மழைநீர்த் தேக்கமே பெரிய தொல்லையாக இருந்தது. கூடுதல் கூண்டு ஏற்றிய புயல்தான் கூடுதல் தண்ணீரைக் கொண்டுவரும் என்று நினைப்பது சரியல்ல.

செயற்கைக்கோள் எதைப் பார்ப்பதில்லை

நிலத்தின் உயரத்தை அறிய, இலவசமாகக் கிடைக்கும் உயரப் பதிவுகளையே பெரும்பாலானோர் பயன்படுத்துகிறார்கள். 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்ட உலக உயரப் பதிவும், இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளிலிருந்து உருவாக்கப்பட்ட பதிவும் இவற்றில் பரவலானவை. இவற்றில் நிலம் 30 மீட்டருக்கு 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஓர் உயரம் தரப்படுகிறது. ஒரு கட்டம் என்பது 900 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். நம் ஊர்களில் 22 சென்ட் இடத்துக்குள் நான்கைந்து வீடுகளும், ஒரு சந்தும், ஒரு வாய்க்காலும், ஒரு கிணறும் இருக்கும். அத்தனைக்கும் ஒரே உயரம் என்றால், எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதைப் படம் எப்படிச் சொல்ல முடியும்?

அதைவிடப் பெரிய சிக்கல், ராடார் அலை தரையைத் தொடுவதற்கு முன்பே மரத்தைத் தொட்டுவிடுகிறது என்பது. அடர்ந்த சீமைக்கருவேலங்காடும் தென்னந்தோப்பும் இருக்கும் இடங்களில், இலைகளின் உயரத்தில் ஒரு பகுதி நில உயரத்தோடு சேர்ந்து பதிவாகிவிடுகிறது. நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் எங்கே அதிகம்? வரத்துக் கால்வாய்களிலும், கண்மாய் உள்வாய்களிலும், ஓடைகளிலும். உண்மையில் பள்ளமான இடம் படத்தில் மேடாகத் தெரிகிறது. கணக்கிடும் மென்பொருளோ தண்ணீரை அங்கே விடாமல் பக்கத்து மனைகளுக்குத் திருப்பிவிடுகிறது. இந்தப் பிழையைக் கணினித் திரையை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அந்த ஓடையில் ஆடு மேய்க்கும் ஒருவருக்கு ஒரு நொடி போதும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கண்மாய்க் கரை சில மீட்டர் அகலமே உள்ளதால் 30 மீட்டர் கட்டத்துக்குள் கரைந்து காணாமல் போய்விடும். உயர்த்திக் கட்டப்பட்ட கிழக்குக் கடற்கரைச் சாலை போன்றவை சரியாகப் பதிவானாலும், அவற்றின் அடியில் உள்ள சிறுபாலங்கள் வானிலிருந்து தெரியாது. பாலத்தின் கண், அதாவது தண்ணீர் பாயும் திறப்பு, தெரியாததால் கணினிக்கு அந்தச் சாலை ஒரு முழு அணையாகிவிடுகிறது. சாலையின் மேற்கே பெருவெள்ளம், கிழக்கே காய்ந்த நிலம் என்று படம் காட்டும். உண்மையிலோ அந்தப் பாலத்தின் வழியாகப் பாய்ந்த தண்ணீர் கிழக்கே உள்ள மீனவர் குடியிருப்புக்குள் நுழைந்திருக்கும்.

வெள்ளம் வந்த அன்று எடுத்த செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் போதாதா என்ற கேள்வி எழலாம். மழைக்காலத்தில் மேகம் மறைப்பதால் சாதாரண ஒளிப்படங்கள் பயன்படுவதில்லை. 2014 முதல் இயங்கும் ஐரோப்பாவின் சென்டினல்-1 போன்ற ராடார் செயற்கைக்கோள்கள் மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். அவற்றின் படங்கள் இலவசம். ஆனால் அவை ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதற்குச் சில நாள்கள் ஆகும். நண்பகலில் ஏறி மறுநாள் மாலைக்குள் வடிந்துவிடும் வெள்ளத்தை அவை பார்க்காமலே போகலாம். ராடார் படத்தில் அசையாத நீர்ப்பரப்பு கறுப்பாகத் தெரியும் என்பதே அடிப்படை. நீர் நிறைந்த உப்பளப் பாத்தியும் கறுப்பு, சேறு படிந்த வழவழப்பான தரையும் கறுப்பு. வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களை அறியாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், அங்கே ஆண்டு முழுவதும் வெள்ளம் என்று எழுதிவிடக்கூடும். கருவேலங்காட்டுக்குள் நிற்கும் தண்ணீரோ பெரும்பாலும் தெரிவதே இல்லை.

இவ்வளவையும் சொல்வது செயற்கைக்கோள்களைக் குறை கூறுவதற்காக அல்ல. மாவட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்ட வேறு வழி கிடையாது. எங்கே நம்பலாம், எங்கே ஊரைக் கேட்க வேண்டும் என்ற எல்லை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நினைவை அளவாக மாற்றுவது

ஊர் மக்கள் தரக்கூடிய தகவல்களிலேயே அதிக மதிப்புள்ளது நீர்த்தடம். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் ஒரு கோடு தங்கிவிடும்: சேற்றுக் கோடு, சருகும் விதைகளும் ஒட்டிய கோடு, கடல்நீர் என்றால் காய்ந்தபின் வெளுத்துத் தெரியும் உப்புக் கோடு. அதற்கு ஒரு பெயிண்ட் அடையாளம் வைத்து, தேதியை எழுதி, அளவு நாடாவை நிறுத்தி ஒரு படம் எடுத்தால் அது சான்றாகிவிடுகிறது. சில நாளில் வெள்ளையடித்துவிடுவார்கள் அல்லது அடுத்த மழை கழுவிவிடும் என்பதால், தண்ணீர் வடிந்த முதல் வாரமே இதற்குரிய காலம்.

எந்தச் சுவரில் அளப்பது என்பதில் கவனம் வேண்டும். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் உள்ள கோடு, அலை மோதித் தெறித்த உயரத்தைக் காட்டும்; நின்ற தண்ணீரின் மட்டத்தை அது காட்டாது. அதே வீட்டின் உள்அறைச் சுவரில் கோடு கீழே இருக்கும். வரைபடத்துக்கு இரண்டும் பயன்படும், ஆனால் எது எது என்று குறிப்பிடாவிட்டால் இரண்டுமே பயன்படாது.

அடுத்தது, எங்கிருந்து அளப்பது. 'தரையிலிருந்து இரண்டடி' என்பது போதாது, ஏனெனில் தரை மாறும். தெருவில் ஒவ்வொரு முறை புதிய சாலை போடும்போதும் பழைய சாலையின் மேலேயே போட்டு உயர்த்துவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். ஐந்தாண்டு கழித்து அதே தெருவில் நின்று அளப்பவருக்கு இரண்டடி ஒன்றரை அடியாகிவிடும். ஆகவே இடம் பெயராத, எளிதில் இடிக்கப்படாத ஒன்றை ஊரின் அடிப்படைப் புள்ளியாக வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தின் கருங்கல் படி, பள்ளிவாசல் அல்லது தேவாலயத்தின் கல் மேடை, கோயில் தூணின் அடிப்பீடம், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என எதுவும் ஆகலாம்.

ஒவ்வொரு நீர்த்தடத்துக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள உயர வேறுபாட்டைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனார்கள் கட்டடத்தில் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாயே போதும். குழாயின் இரு முனைகளையும் மேல்நோக்கிப் பிடித்தால், உள்ளே காற்றுக் குமிழி இல்லாதவரை, இரு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஓர் எடுத்துக்காட்டு. பள்ளிக்கூடப் படியின் அருகே ஒருவர் குழாயைப் பிடிக்கிறார். குழாயில் உள்ள நீர் மட்டம் படிக்கு மேல் 110 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. தெருமுனை டீக்கடைச் சுவரில் மறுமுனை. அங்கே அதே நீர் மட்டம் வெள்ளக் கோட்டுக்கு மேல் 85 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஆக, வெள்ளம் படிக்கு மேல் 25 செ.மீ. வரை ஏறியிருக்கிறது. குழாய் எட்டாத தொலைவுக்கு, நடுவில் ஒரு கல்லைப் புள்ளியாக வைத்து இரண்டு மூன்று தவணையாக அளந்துகொண்டு போகலாம். ஊரில் பத்துப் பதினைந்து தடங்கள் இப்படி ஒரே புள்ளியோடு கட்டப்பட்டுவிட்டால், பின்னர் ஒரு நில அளவையாளர் வந்து அந்த ஒரு படியின் கடல்மட்ட உயரத்தைக் கண்டுபிடித்தாலே போதும்; மற்ற அத்தனை தடங்களின் உயரமும் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும்.

இங்கே கைப்பேசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். இடத்தைக் குறிக்கக் கைப்பேசி நன்றாக உதவும், சில மீட்டர் பிழையோடு. உயரத்துக்கு அதை நம்பக் கூடாது. செயற்கைக்கோள் வழிகாட்டி முறை உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளப்பதில்லை; பூமியின் வடிவத்துக்கு வகுத்துக்கொண்ட ஒரு கணித நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்த பெரும் பரப்பு இருப்பதால், நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்தக் கணிதப் பரப்புக்குத் தொண்ணூறு மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அதனால்தான் திருத்தம் செய்யாத சில செயலிகள், பாம்பன் கடற்கரையில் நிற்பவரைக் கடலுக்கு அடியில் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் நிற்பதாகக் காட்டுகின்றன. திருத்தம் செய்யும் செயலிகளிலும் பிழை சில மீட்டர் இருக்கும். முழங்காலளவா, இடுப்பளவா என்று தெரிய வேண்டிய இடத்தில் சில மீட்டர் பிழை என்பது பயனற்றது.

உயரத்துக்கு அடுத்தபடியாக நேரம். எத்தனை மணிக்குத் தண்ணீர் வாசலுக்கு வந்தது, எப்போது உச்சத்தில் நின்றது, எத்தனை நாள் கழித்து வடிந்தது என்பவை ஆழத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. மழை நின்று இரண்டு நாள் கழித்து ஏறியது என்றால் அது கண்மாய்த் தண்ணீர். மழையோடு ஏறி மழையோடு இறங்கியது என்றால் உள்ளூர் வடிகால் சிக்கல். ஒரு நாளில் இருமுறை ஏறி இறங்கியது என்றால் கடலின் கை அதில் இருக்கிறது. நேரம் நினைவில்லாதவர்களிடம் வேறு வழியாகக் கேட்கலாம். சுபுஹு பாங்குக்கு (பள்ளிவாசலின் அதிகாலைத் தொழுகை அழைப்புக்கு) முன்பா, பள்ளிக்கூட மணி அடித்த பிறகா, கரண்ட் போவதற்கு முன்பா என்று கேட்டால் பெரும்பாலும் சரியான விடை வரும்.

கடலோரத்தில் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தண்ணீர் உப்பாக இருந்ததா, நல்ல தண்ணீரா? அடுத்த சில வாரங்களில் ஊருணியும் கிணறும் உவர்த்தனவா, முருங்கையும் வாழையும் கருகினவா என்பதும் அதே விடையைத் தரும். ஆழத்தை அளந்தவர்கள்கூட இதை எழுதிவைக்கத் தவறிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை, ஒரே கேள்வியில் வரைபடம் போடுபவருக்கு அதிகம் சொல்லிவிடுவது இதுதான். கடல் வெள்ளத்துக்கும் மழை வெள்ளத்துக்கும் வெவ்வேறு கணக்குகள் என்பதால், எந்தக் கணக்கைத் திருத்த வேண்டும் என்பதை இந்த விடையே முடிவு செய்கிறது.

தண்ணீர் வராத இடங்களையும் குறிக்க வேண்டும் என்பது பலருக்கு விந்தையாகத் தோன்றும். வந்த இடங்களை மட்டும் குறித்தால் வெள்ளத்தின் எல்லை எங்கே என்பது தெரியாது. கணக்கு மிகையாகக் காட்டுகிறதா என்பதையும் சோதிக்க முடியாது. 'எங்கள் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது, உள்ளே வரவில்லை' என்ற வாக்கியம் ஒரு முழு அளவு. இழப்பீடு கிடைக்குமா என்ற எண்ணத்தில் நனையாத வீட்டையும் நனைந்ததாக எழுதிக்கொடுக்கும் ஆசை எங்கும் உண்டு. அதனால் பாதிக்கப்படப்போவது அடுத்த வெள்ளத்தில் அந்த வீட்டையே நம்பி ஓடிவருபவர்கள். நிவாரணக் கணக்கெடுப்பையும் வரைபடக் கணக்கெடுப்பையும் ஒன்றாக நடத்தாமல் இருப்பதே நல்லது.

பாலத்தின் கண்ணை எண்ணுவது

நீர்த்தடங்கள் வெள்ளம் வந்த பிறகே கிடைக்கும். கோடையில் செய்யக்கூடிய பணி வேறு: தண்ணீர் போகும் வழிகளைப் பதிவு செய்வது. சாலையின் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் எத்தனை கண், ஒவ்வொரு கண்ணின் அகலமும் உயரமும் எவ்வளவு, குழாயா பெட்டி வடிவமா, பாதி மண் மூடியிருக்கிறதா, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் பாயும் என்ற விவரங்கள் வேண்டும். கண்மாய் என்றால் கலுங்கின் நீளம், மடைகளின் நிலை, கரையில் பலவீனமான இடம். ஊரில் கண்மாய் நீரைப் பங்கிட்டுப் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்களிடம் கேட்டால் இவை பெரும்பாலும் வாய்மொழியாகவே கிடைத்துவிடும். வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தை வாங்கி, அதில் ஓடை, வாய்க்கால், ஊருணி என்று குறிக்கப்பட்டவற்றோடு இன்று தரையில் இருப்பதை ஒப்பிட்டால், எது அடைபட்டது, எது மனையானது, எது இறால் பண்ணையின் கரையால் திசை மாறியது என்பது விளங்கும். சர்வே எண்ணோடு எழுதினால் அதிகாரிகள் இடத்தைத் தேட வேண்டியிருக்காது.

யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் படம் மாறும். ஊர்த்தலைவர்களையும் படகு உரிமையாளர்களையும் மட்டும் கூட்டி வைத்துப் பேசினால் கடலும் துறையும் சரியாக வரும், தெருக்கள் வராது. வெள்ளம் வந்தபோது வீட்டில் இருந்து, அரிசியையும் பிள்ளைகளையும் மேலே ஏற்றியவர்கள் பெண்கள். எந்த அறையில் முதலில் தண்ணீர் ஊறியது என்பது அவர்களுக்கே தெரியும். பாசி எடுக்கச் செல்லும் பெண்களுக்குக் கரையோர ஆழங்கள் மனப்பாடம். உப்பளத் தொழிலாளர்களுக்கு ஓதம் எந்தக் கால்வாயில் எவ்வளவு தூரம் ஏறும் என்பது அன்றாடச் செய்தி. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலின்போது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று அறுபத்தைந்து, எழுபது வயதைக் கடந்தவர்கள். பாம்பன் தீவிலும் மண்டபத்திலும் அந்தக் கடல் எதுவரை வந்தது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். அத்தகைய பழைய நினைவுகளை அண்மை வெள்ளத்தின் அளவுகளோடு கலக்காமல், தனி நிறத்தில், 'கேள்விப்பட்டது' அல்லது 'நேரில் கண்டது' என்ற குறிப்போடு பதிவு செய்ய வேண்டும்.

மழையளவும் மக்களால் தர முடியும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள தகரக் குவளை ஒன்றைத் திறந்தவெளியில் வைத்து, தினமும் காலை எட்டரை மணிக்கு உள்ளே நிற்கும் நீரின் ஆழத்தை அளந்தால் அதுவே அன்றைய மழையளவு. வாய் அகலம் எவ்வளவு என்பது கணக்கில் வராது. 2024 நவம்பரில் பெய்தது போல ஒரு தீவின் மேல் மட்டும் கொட்டும் மழையை, தொலைவில் உள்ள மழைமானிகள் காட்டுவதில்லை.

யாரிடம், எந்த வடிவில் கொடுப்பது

2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மைத் திட்டம் உண்டு; அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதும் சட்டமே. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஆணையம் அதைத் தயாரிக்கிறது. பாதிப்புக்குள்ளாகும் இடங்கள் மிக அதிகம், அதிகம், மிதம், குறைவு என்ற வரிசையில் அதில் பட்டியலிடப்படுகின்றன. ஊர் மக்கள் திருத்தக்கூடிய முதல் ஆவணம் இந்தப் பட்டியல்தான். தனிநபர் மனுவைவிட, கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி, அளவுப் பட்டியலையும் படத்தையும் இணைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாகவும் நேரடியாகவும் அனுப்புவதற்கு எடை அதிகம். தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்களில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் 2022 முதல் சேர்க்கப்பட்டுள்ளன. மழைக்காலத்தில் அடையாளமிட்டுவைத்த தடங்களைத் தையில் அளந்து மார்ச்சில் சமர்ப்பித்தால், அடுத்த பருவத்துக்கு முன் திட்டத்தில் ஏற அவகாசம் இருக்கும். வெள்ளம் நடந்துகொண்டிருக்கும்போது 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு தகவலும், இடமும் நேரமும் தெளிவாக இருந்தால், பின்னர் வரைபடத்துக்குச் சான்றாகும்.

இணையத்தில் எவரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மற்றொரு வழி. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் தண்ணீர் சூழ்ந்த சாலைகளைப் பொதுமக்களே அதன் அடிப்படையில் குறித்தார்கள். தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் மாணவர்களும் குடியிருப்பவர்களும் தெருத்தெருவாக நடந்து வடிகால்களை அளந்து அதே வரைபடத்தில் ஏற்றினார்கள். சிறுபாலம், வடிகால், ஊருணி போன்ற நிலையானவற்றை இதில் ஏற்றலாம். ஒவ்வொரு வீட்டின் வெள்ள அளவையும் பெயரோடு பொதுவெளியில் ஏற்றுவது முறையல்ல.

அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளப் பகுதி என்று படத்தில் ஏறிவிட்டால் மனை விலை இறங்கும் என்று உள்ளே இருப்பவர்கள் அஞ்சுகிறார்கள். ஆபத்துப் பகுதி என்று சொல்லித் தங்களைக் கரையிலிருந்து அகற்றிவிட்டு, வேறு கட்டுமானத்துக்கு இடம் கொடுத்துவிடுவார்கள் என்று மீனவர்கள் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின் கீழ் தயாராகும் வரைபடங்களின் வரைவு, பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுகிறது. மீனவர் குடியிருப்பு, படகு நிறுத்துமிடம், வலை உலர்த்துமிடம், முகத்துவாரம் ஆகியவை அதில் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் வெள்ள வரைபட வேலையின் ஒரு பகுதியே. எந்த அளவை யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்து, மூலப் பதிவேட்டின் ஒரு நகலை ஊரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த அளவுகள் படத்தில் ஏறினவா என்று ஓராண்டு கழித்துக் கேட்க, கையில் ஆதாரம் வேண்டும் அல்லவா?

கொடுத்த தடங்கள் அனைத்தும் ஒரே விதமாகப் பயன்படுவதில்லை. வல்லுநர்கள் ஒரு பகுதியை எடுத்து, கணக்கு அந்த உயரங்களோடு பொருந்தும்வரை தரையின் உராய்வு, பாலத்தின் அளவு, கால்வாயின் ஆழம் ஆகியவற்றைத் திருத்துவார்கள். மீதியைத் தொடாமல் வைத்திருந்து, திருத்திய கணக்கு அவற்றையும் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள். பொருந்தாத தடம் ஒன்று இருந்தால் அது தவறான அளவாகவும் இருக்கலாம், படத்தில் இல்லாத ஒரு வாய்க்காலாகவும் இருக்கலாம். அப்போது மறுபடியும் ஊருக்கு வந்து கேட்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு அளவுக்கும் அருகே அதை அளந்த குழுவையும் தேதியையும் எழுதிவைப்பது கட்டாயம்.

வரைபடம் எந்த ஆண்டு நிலத்தைக் காட்டுகிறது என்பதும் அதன் மேலேயே எழுதப்பட வேண்டும். 2017-இல் திறக்கப்பட்ட அரிச்சல்முனைச் சாலையை 2000-ஆம் ஆண்டின் உயரப் பதிவில் தேடிப் பயனில்லை. ஊரில் புதிய சாலை உயர்த்தப்பட்டாலோ, தடுப்புச் சுவர் எழுந்தாலோ, ஓடையின் மேல் மனைப்பிரிவு வந்தாலோ, முகத்துவாரத்தை மணல் மூடினாலோ, அந்தப் பக்கத்து அளவுகளைப் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பதிவேட்டை அழிக்காமல், அடுத்த பக்கத்தில் புதிய தேதியிட்டுத் தொடங்கினால், எந்த மாற்றத்துக்குப் பிறகு தண்ணீர் எந்தத் தெருவுக்குத் திரும்பியது என்பது இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.